தட்டிக் கேட்டு விறைப்பை அளக்கும்போது: எண் பிசகினால் எங்கே பார்ப்பது?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் அம்மா, பால் பிடிக்கும் மங்குகளைக் கழுவிக் கவிழ்க்கும்போது ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். ‘டிங்’ என்று நின்று ஒலித்தால் அது கூடைக்குள் போகும். ‘டப்’ என்று அடங்கினால் தனியே வைத்துவிடுவார். அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடியிருக்கும், பால் கசியும். கோலகங்சாருக்கு எதிர்க்கரையில் சாயோங்கில் லாபு என்னும் மண் நீர்க்குடுவை வாங்கப் போகிறவர்களும் இப்படித்தான் தட்டிப் பார்த்து எடுக்கிறார்கள். நம் ஊர்ச் சந்தையில் பானை வாங்கிய பாட்டிமார் எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது.

கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் என் சிறிய பட்டறையில் நான் செய்வதும் அதேதான். விரல் முட்டிக்குப் பதில் சிறு எஃகுக் குண்டு, காதுக்குப் பதில் மைக், கூடவே ஒரு தராசும் திருகு அளவியும். பீங்கான் பட்டையைத் தட்டி, எழும் ஒலியின் அதிர்வெண்ணைப் பிடித்து, அதிலிருந்து, பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகத்தைக் கணக்கிடுகிறேன். செம்பனை ஆலைகளின் பாய்லர் சுவரிலிருந்து வரும் தீச்செங்கற்கள், மாணவர்கள் சூளையில் சுட்டுக் கொண்டுவரும் பட்டைகள், அலுமினாத் துண்டுகள் என்று பலவகைப் பொருள்கள் இங்கே வருகின்றன. இந்தச் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் இ1876 என்ற பொதுத் தரநூல் இருக்கிறது. உயர்வகைப் பீங்கானுக்கு சி1259, தீச்செங்கல்லுக்கு சி1548, ஐஎஸ்ஓ 12680-1 ஆகியவை உண்டு. கணக்கின் அடித்தளம் 1945-இல் பிக்கெட் எழுதியது. 1961-இல் ஸ்பின்னரும் டெஃப்டும் அதைச் செம்மைப்படுத்தினார்கள்.

செவ்வகப் பட்டைக்கான சூத்திரம் இது:

யங் குணகம் = 0.9465 × (நிறை × அதிர்வெண்² ÷ அகலம்) × (நீளம்³ ÷ தடிமன்³) × திருத்தக் காரணி

நிறையைக் கிராமிலும் நீளங்களை மில்லிமீட்டரிலும் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸிலும் போட்டால் விடை நேரே பாஸ்கலில் வரும். மீட்டருக்கோ கிலோவுக்கோ மாற்ற வேண்டியதில்லை. கிலோவையும் மில்லிமீட்டரையும் கலந்தவர்களுக்கு விடை ஆயிரத்தில் ஒன்றாக வந்திருக்கும். அதுவே முதல் அறிகுறி, அதற்குத் தனித் தலைப்பு வேண்டாம்.

ஒரு மாதிரிப் பட்டையை மனத்தில் வைத்துக்கொள்வோம். சாதாரணப் பீங்கான், 120 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 6 தடிமன், நிறை 34.6 கிராம். குணகம் 70 கிகாபாஸ்கல் என்றால், படுக்கை வாட்டில் வளைந்து ஆடும் அதன் முதல் அதிர்வு 2290 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கும். ஆனால் அதே பட்டைக்குள் வேறு அசைவுகளும் உறங்குகின்றன. இரண்டாம் வளைவு 6200-க்கு அருகில், பக்கவாட்டு வளைவு 7100-க்கு அருகில், முறுக்கம் 7500-க்கு அருகில். தட்டும்போது கிடைக்கும் அதிர்வெண் இவற்றில் ஏதோ ஓர் அசைவுக்கு உரியது. எந்த அசைவு என்று உறுதியாகச் சொல்ல முடியாதவரை அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதக்கூடாது. கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

தட்டினால் ‘தொப்’ என்று மட்டும் கேட்கிறது

முதலில் தாங்கிகளைப் பாருங்கள், பட்டையைக் குறை சொல்லாதீர்கள். இரு முனையும் விடுபட்ட பட்டை வளைந்து ஆடும்போது அதில் இரண்டு இடங்கள் அசையாமல் நிற்கும். அவை கணுக்கள். ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 0.224 பங்கு தள்ளி இருக்கும். நம் 120 மில்லிமீட்டர் பட்டையில் அது 26.9 மில்லிமீட்டர். தாங்கி அங்கே இருந்தால் அதிர்வுக்குத் தடையில்லை. முனைக்கு நகர்ந்துவிட்டாலோ, தாங்கியாக வைத்த பஞ்சு பட்டையின் அடியில் முழுக்கப் பரவிவிட்டாலோ, ஆட வேண்டிய இடத்தைப் பிடித்து அமுக்கிவிடும். பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். பஞ்சைவிடக் குறுகிய ரப்பர் கீற்று நல்லது. நான் பழைய சைக்கிள் டியூபை மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் அறுத்து, கூரை போல் மடித்து நிறுத்துகிறேன். அதன் உச்சியில் பட்டை கோடு தொட்டாற்போல் உட்காரும்.

தாங்கி சரியாக இருந்தும் ஒலி அடங்கினால், அதே தாங்கியில் ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்துத் தட்டுங்கள். சன்னல் கண்ணாடிக் கடையில் 6 மில்லிமீட்டர்க் கண்ணாடியை 150-க்கு 25 என்று அறுத்துத் தரச் சொன்னால் போதும். தடிமன் சரியாக 6 இருந்தால் 1450 ஹெர்ட்ஸ் அருகில் மணிபோல் பாடும். குணகம் 70 முதல் 72 கிகாபாஸ்கலுக்குள் வரும். (கடைக்காரர் ‘ஆறு’ என்று சொல்லும் கண்ணாடி பெரும்பாலும் ஆறுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும், அளந்துகொள்ளுங்கள்.) கண்ணாடி பாடி, பீங்கான் பாடவில்லை என்றால் கோளாறு பீங்கானுக்குள்தான்: கீறல் அல்லது ஈரம்.

கீறலைக் காண மை தடவித் துடைப்பது பழைய முறை. நீல மையை ஒரு துணியால் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு, ஈரத் துணியால் துடைத்தால் கீறல் நீலக் கோடாக நிற்கும். பளபளப்புப் பூச்சு உள்ள பக்கத்தில் இது நன்றாக எடுபடும். நுண்துளை நிறைந்த தீச்செங்கல்லில் எல்லா இடமும் நீலமாகிவிடும், அங்கே பயனில்லை. கண்ணுக்கு அகப்படாத நுண்கீறல்களும் உண்டு. குவார்ட்ஸ் மிகுந்த பீங்கானைச் சூளையில் 573 டிகிரி செல்சியஸைத் தாண்டி வேகமாகக் குளிரவிட்டால், குவார்ட்ஸ் உருமாறிச் சுருங்கும் அந்த இடத்தில் உள்ளுக்குள் நுண்கீறல்கள் பரவும். அப்படிப்பட்ட துண்டில் அதிர்வெண் இறங்கும், ஒலியும் சீக்கிரம் அடங்கும். இரண்டும் சேர்ந்து நடந்தால் நுண்கீறலைச் சந்தேகியுங்கள்.

ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு புதிய எண்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அண்ணன் மகள் இறுதியாண்டுத் திட்டத்துக்காக ஒரு சனிக்கிழமை பட்டறைக்கு வந்தாள். அரைமணி நேரம் தட்டியபின் தாளை நீட்டினாள். 2288, 2291, 6214, 2290, 7531, 2289.

“சித்தப்பா, மைக் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது. எண் குதிக்கிறது.”

“எங்கே தட்டினாய்?”

“எங்கே தட்டினாலும் ஒலி ஒன்றுதானே?”

“இல்லையம்மா. கோலைக் கையில் எடு. சரியாக நடுவில், அகலத்திலும் நடுவில் தட்டு.”

தட்டினாள். 2290. பத்து முறை தட்டினாள். ஒன்று இரண்டு ஹெர்ட்ஸ் மட்டுமே முன்பின் ஆடியது. பிறகு முனையின் மூலையில் தட்டச் சொன்னேன். கணினியின் அதிர்வெண் வரைபடத்தில் 7500-க்கு அருகில் ஒரு முகடு எழுந்து நின்றது. அவள் கோலைக் கீழே வைத்துவிட்டுப் பட்டையை உற்றுப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். பட்டையின் நட்டநடு, இரண்டாம் வளைவுக்குக் கணு, முறுக்கத்துக்கும் கணு. அங்கே தட்டினால் அவை இரண்டும் எழும்பா. முதல் வளைவுக்கு மட்டும் அது அதிகம் ஆடும் இடம். மூலையில் தட்டினால் எல்லா அசைவும் கிளம்பும்; கணினி எந்த முகடு உயரமோ அதை எடுத்துக் காட்டும். அந்த உயரம் தட்டலின் சாய்வைப் பொறுத்து மாறும். ஆக, எண் பெரிய படிகளாகக் குதித்தால் மைக்கும் தராசும் நலமாகவே இருக்கின்றன. நீங்கள் வெவ்வேறு அசைவுகளை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

குதிக்காமல் சிறுகச் சிறுகச் சிதறினால், அதாவது 2290 என்பது 2270-க்கும் 2310-க்கும் இடையே அலைந்தால், நோய் வேறு. வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் பட்டை தாங்கியில் நகர்ந்துவிடுகிறதா? பென்சில் கோடு காட்டிக்கொடுக்கும். தட்டுக்கோல் பட்டையைத் தொட்டதும் துள்ளி விலகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கிறதா, அல்லது இருமுறை தட்டுகிறதா? ஒலி அலைவடிவத்தில் இரட்டைத் தொடக்கம் தெரியும். ஐந்து மில்லிமீட்டர் எஃகுக் குண்டை நைலான் கேபிள் டையின் நுனியில் ஒட்டிப் பாருங்கள். அந்த வளைந்து கொடுக்கும் தண்டு குண்டைத் தானாக இழுத்துக்கொள்ளும். சுத்தியல் பிடிப்பதுபோல் பிடிக்காதீர்கள், இரு விரலால் பிடித்து விடுங்கள்.

பதிவு நேரமும் சிதறலுக்குக் காரணமாகும். ஒலியைப் பத்தில் ஒரு நொடிதான் பதிவு செய்தீர்கள் என்றால் அதிர்வெண்ணை 10 ஹெர்ட்ஸ் நெருக்கத்துக்குமேல் பிரித்துப் பார்க்க முடியாது. 2290-இல் பத்து ஹெர்ட்ஸ் பிசகினால் குணகம் ஏறத்தாழ ஒரு சதவீதம் பிசகும், வர்க்கம் அல்லவா. பீங்கான் நெடுநேரம் பாடும், எனவே ஒரு நொடி பதிவு செய்யலாம். தீச்செங்கல் சீக்கிரம் அடங்கிவிடும். அங்கே நீளமாகப் பதிந்தால் வெறும் இரைச்சல்தான் கூடும். அதற்குப் பதில் பல முறை தட்டிச் சராசரி எடுங்கள்.

மைக்குக்குப் பதில் அதிர்வு உணரியைப் பட்டையில் ஒட்டுகிறவர்கள் கவனிக்க: ஒரே ஒரு கிராம் உணரியை நம் 34.6 கிராம் பட்டையின் முனையில் ஒட்டினால் அதிர்வெண் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கும். குணகம் பத்தில் ஒரு பங்கு குறைந்து தெரியும். மைக்கைப் பட்டையைத் தொடாமல் சில மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டு முகடுகள்

காதுக்கு இது விம்மி விம்மி அடங்கும் ஒலியாகக் கேட்கும். நெருங்கிய இரண்டு அதிர்வுகள் ஒன்றோடொன்று கூடியும் குலைந்தும் ஒலிப்பதால் வருவது அது. ஒரு நொடிக்கு எத்தனை விம்மல் என்று எண்ணினால் இரு முகடுகளின் இடைவெளி கிடைத்துவிடும்.

சதுர வெட்டுள்ள பட்டையில் இது இயல்பு: அகலமும் தடிமனும் கிட்டத்தட்டச் சமம், எனவே படுக்கை வளைவும் பக்க வளைவும் அருகருகே நிற்கும். சரியாக வட்டமில்லாத உருளைத் தண்டிலும் தட்டிலும் அப்படியே. இரண்டையும் பிரிக்க, மேலிருந்து தட்டி மைக்கை மேலேயே வையுங்கள். பிறகு பக்கத்திலிருந்து தட்டி மைக்கைப் பக்கத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு முகடு வளர்ந்து மற்றது தேய்ந்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். கணக்கில் போடும்போது தட்டிய திசையில் உள்ள அளவுதான் ‘தடிமன்’ என்பதை மறக்க வேண்டாம்.

நம் மாதிரிப் பட்டையில் 7100-க்கும் 7500-க்கும் இடையே இப்படி ஒரு குழப்பம் வர வாய்ப்பு உண்டு. முறுக்கத்தை மட்டும் கேட்க வேண்டுமானால் தாங்கியை மாற்ற வேண்டும். நீளத்தின் நடுவிலும் அகலத்தின் நடுவிலும் சிலுவைபோல் ரப்பர் கீற்று வைத்து, முனையிலிருந்து 0.224 பங்கு தள்ளி, ஆனால் விளிம்பை ஒட்டித் தட்டுங்கள். அந்தப் புள்ளி வளைவுக்குக் கணு, முறுக்கத்துக்கு நல்ல ஆட்டமுள்ள இடம். மைக்கை எதிர் மூலையில் வையுங்கள். இந்த ஒரு தட்டலைப் பழகிக்கொண்டவர்களுக்குப் பாதிச் சோதனை கைவந்துவிட்டது என்று நான் நம்புகிறேன்.

மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் தட்டி இரண்டு குணகங்கள் கணக்கிட்டு, அவை சில சதவீதத்துக்கு மேல் விலகி நின்றால், பொருளே திசைக்குத் திசை வேறுபட்டது என்று பொருள். அச்சில் பிதுக்கித் தள்ளிய பட்டைகளில் இதைக் காணலாம். அது பிழையன்று, அப்படியே எழுதுங்கள்.

எண் அசையாமல் நிற்கிறது, ஆனால் குணகம் நம்பும்படி இல்லை

இதுதான் ஆபத்தானது. சிதறும் எண் நம்மை எச்சரிக்கும். அசையாமல் நிற்கும் தவறான எண் எச்சரிக்காது. எனவே கையில் சில உண்மை அளவுகள் இருக்க வேண்டும். அடர்ந்த தூய அலுமினா 370 முதல் 390 கிகாபாஸ்கல், சிலிக்கன் கார்பைடு 400-க்குச் சற்று மேல், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் வகைச் சிர்கோனியா 200 முதல் 210, சாதாரணப் பீங்கான் 60 முதல் 70 என்ற வட்டாரம். உங்கள் விடை இவற்றிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும்.

ஏழு மடங்கு, பத்து மடங்கு என்று கூடியிருந்தால் அசைவைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள். நம் பட்டையில் இரண்டாம் வளைவை முதல் வளைவாக நினைத்தால் விடை ஏழு மடங்குக்கு மேல் பெருகும். முறுக்கத்தை அப்படி நினைத்தால் பத்து மடங்குக்கு மேல். மெல்லிய பட்டையில் வளைவு அதிர்வுகளின் விகிதம் 1, 2.757, 5.404 என்று போகும். தடித்த பட்டையில் சற்றுக் குறையும். வரைபடத்தில் முகடுகள் இந்த இடைவெளியில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

சில சதவீதம் மட்டும் விலகியிருந்தால் தடிமனைச் சந்தேகியுங்கள். சூத்திரத்தில் தடிமன் மும்மடிப் பெருக்கத்தில் கீழே உட்கார்ந்திருக்கிறது. 6 மில்லிமீட்டரில் 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக அளந்துவிட்டால் குணகம் இரண்டரை சதவீதம் குறைந்துவிடும். 0.05 என்பது ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். வெர்னியர் போதாது, திருகு அளவியால் நீளம் நெடுக ஐந்து இடங்களில் அளங்கள். சூளையில் சற்று வளைந்த பட்டையானால் தட்டை முகத் தாடை அளவி குழியைத் தாண்டி மேட்டை மட்டும் அளக்கும், எனவே குமிழ் முனை அளவி வேண்டும். ஒரு பக்கம் பூச்சுள்ள பீங்கானில் பூச்சும் பீங்கானும் வேறு வேறு விறைப்புடையவை. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு அளப்பதே நேர்மை. விளிம்புகளைச் சாய்த்துத் தேய்த்த சிறு பட்டைகளில் ஒரு சதவீதத்துக்குள் இன்னொரு பிழை ஒளிந்திருக்கும்; சி1259-இல் அதற்குத் திருத்தம் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, அளந்தது முழுத் தீச்செங்கல் என்றால், திருத்தக் காரணியை விட்டுவிட்டீர்கள். 230-க்கு 114-க்கு 65 என்ற கல்லில் தடிமன் நீளத்தில் கால் பங்குக்கும் மேல். அவ்வளவு தடித்த பொருள் வளையும்போது சறுக்கு உருமாற்றமும் (உள் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவது) சேர்ந்துகொள்ளும், அதிர்வெண் இறங்கும். காரணி அங்கே 1.5 அருகில் வரும். மெல்லிய பட்டைக்கான குறுக்கு வழி, அதாவது 1 + 6.585 × (தடிமன் ÷ நீளம்)², நீளம் தடிமனைப்போல் 20 மடங்கோ அதற்கு மேலோ இருக்கும்போதுதான் செல்லும். செங்கல்லுக்கு முழுச் சூத்திரத்தையே போடுங்கள்; அதில் பாய்சான் விகிதமும், அதாவது பொருளை இழுத்தால் நீள்வதோடு ஒப்பிட்டுக் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்ற எண்ணும், வரும்.

எல்லாம் சரிபார்த்தும் அலுமினா 345-தான் காட்டுகிறதா? அடர்த்தியைக் கணக்கிடுங்கள். 5 சதவீத நுண்துளை இருந்தாலே குணகம் ஒன்பது சதவீதத்துக்கு மேல் குறையும். 380 என்பது 345 ஆவது அப்படித்தான். பொருள் தன் உண்மையைச் சொல்லிவிட்டது. எண்ணைத் திருத்த முயலாதீர்கள்.

பாய்சான் விகிதம் எதிர்மறையாக வருகிறது

வளைவிலிருந்து யங் குணகம், முறுக்கத்திலிருந்து சறுக்குக் குணகம், அதாவது சறுக்கலுக்கு எதிரான விறைப்பு. முன்னதை பின்னதன் இரு மடங்கால் வகுத்து ஒன்றைக் கழித்தால் பாய்சான் விகிதம். ஒன்றைவிடச் சற்றே பெரிய எண்ணிலிருந்து ஒன்றைக் கழிப்பதால் சிறு பிழையும் பூதாகரமாகும். இரு குணகங்களின் விகிதத்தில் ஒரு சதவீதம் பிசகினால், 0.20 ஆக இருக்க வேண்டியது 0.212 ஆகவோ 0.188 ஆகவோ தெரியும். அந்த அளவு பிசகல் இயல்பு. எதிர்மறையாகவோ 0.5-க்கு மேலாகவோ வந்தால், பெரும்பாலும் பக்க வளைவை முறுக்கம் என்று எடுத்திருப்பீர்கள் அல்லது மாற்றி எடுத்திருப்பீர்கள். மேலே சொன்ன விளிம்புத் தட்டலுக்குத் திரும்புங்கள். திருத்தக் காரணிக்கே பாய்சான் விகிதம் தேவைப்படுவதால் 0.2 என்று ஊகித்துத் தொடங்கி, வந்த விடையை மறுபடி உள்ளே போட்டு, எண் மாறாமல் நிற்கும்வரை இரண்டு மூன்று சுற்றுக் கணக்கிடுங்கள்.

வரைபடத்தில் முகடே இல்லை

சிறிய அலுமினாத் துண்டுகளில் இது வரும். 45-க்கு 4-க்கு 3 மில்லிமீட்டர் பட்டை 14,800 ஹெர்ட்ஸ் அருகில் ஒலிக்கும். அதையே 30 மில்லிமீட்டராக அறுத்தால் 32,000-ஐத் தாண்டிவிடும். மனிதக் காதுக்கும் எட்டாது, கைப்பேசி மைக்குக்கும் எட்டாது. நொடிக்கு 44,100 மாதிரி எடுக்கும் கருவியால் அதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்ணைப் பதிவு செய்ய முடியாது. அதிகம் மாதிரி எடுக்கும் ஒலி அட்டையும் உயர் அதிர்வெண் மைக்கும் தேவை. கிடைக்காவிட்டால் நீளமான பட்டையாக அறுத்துக் கேளுங்கள், நீளம் இரு மடங்கானால் அதிர்வெண் கிட்டத்தட்டக் கால் பங்காகும்.

தட்டாவிட்டாலும் முகடு நிற்கிறது

இது வெளி இரைச்சல். 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் நின்றால் மின்சாரம். மின்விசிறியை நிறுத்துங்கள். நெடுஞ்சாலை லாரிகளின் உறுமல் தாழ்ந்த அதிர்வெண், பீங்கானைத் தொடாது. மாலை மழை தகரக் கூரையில் இறங்கினால் மட்டும் எதுவும் செய்வதற்கில்லை. வரைபடம் முழுவதும் நிரம்பிவிடும். பேராக்கில் இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

வளைவு எந்திரம் ஓர் எண், தட்டல் வேறோர் எண்

மூன்று புள்ளியில் வைத்து அழுத்தும் எந்திரம் பெரும்பாலும் குறைத்தே காட்டும். தலை இறங்கிய தூரத்தை அது அளக்கிறது. அந்தத் தூரத்தில் எந்திரச் சட்டத்தின் நெளிவும் தாங்கி உருளைகளின் அமுங்கலும் சேர்ந்திருக்கும். பட்டையின் நடுவில் நேரடியாக நெளிவு அளவி வைத்து அளந்தால் இரண்டும் நெருங்கிவரும். அடர்ந்த பீங்கானுக்கு நான் தட்டல் எண்ணையே நம்புவேன். நுண்கீறல் மலிந்த தீச்செங்கல்லில் இரண்டும் உண்மையிலேயே வேறுபடும்: தட்டலில் ஆட்டம் மிகச் சிறியது, அழுத்தத்தில் கீறல்கள் திறந்து நகர்கின்றன.

நேற்று வந்த எண் இன்று வரவில்லை

நம் ஊர்க் காற்றில் இந்தப் புகார் ஓயாது. நுண்துளைப் பொருள் ஈரத்தைக் குடிக்கும். ஈரத்தோடு தட்டிவிட்டுக் காய்ந்தபின் எடை போட்டால், 5 சதவீத நீர் குணகத்தை ஏறத்தாழ 5 சதவீதம் குறைத்துக் காட்டும். ஒலியும் மந்தமாகும். 110 டிகிரி அடுப்பில், எடை குறைவது நிற்கும்வரை காயவையுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டின்னில் ஆறவிடுங்கள். நான் பெரிய மைலோ டின் வைத்திருக்கிறேன். ஆறியதும் எடையும் தட்டலும் ஒரே கையோடு நடக்க வேண்டும். அறை வெப்பம் இரண்டு மூன்று டிகிரி மாறுவது பீங்கானைப் பொறுத்தவரை பொருட்டில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு செம்பனை ஆலையின் பாய்லர்க்காரர் லாரியில் கற்கள் கொண்டுவந்தார். உலைச் சுவரை இடித்துக் கட்டுகிறார்கள்; எந்தக் கல்லைத் திரும்ப வைக்கலாம் என்று தெரிய வேண்டும். இரண்டு கற்களை மேசையில் வைத்தார். ஒரே நிறம், ஒரே அச்சு, கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. இரண்டும் ‘தொப்’.

“அண்ணே, இரண்டும் செத்த கல்தானே?”

“நாளைக்குச் சொல்கிறேன் தம்பி. இரவு அடுப்பில் இருக்கட்டும்.”

மறுநாள் ஆறியபின் எடுத்தோம். முதல் கல் எடை நன்றாகக் குறைந்திருந்தது. ரப்பர் கீற்றில் வைத்து நடுவில் தட்டினேன். கணீரென்று நின்றது, முகடு 3100-ஐத் தாண்டி ஒற்றையாக, கூர்மையாக எழுந்தது. இரண்டாவது கல்லும் காய்ந்திருந்தது, ஆனால் ஒலி மாறவில்லை. முகடு பருத்துச் சரிந்து, முதல் கல்லின் முகட்டைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தாழ்ந்து கிடந்தது. அதிர்வெண் அவ்வளவு இறங்கினால் குணகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று கணக்கு. ஆலை நிற்கும்போதெல்லாம் குளிர்ந்து, மறுபடி சூடாகி, உள்ளே வெடித்த கல் அது. அவரிடமே கோலைக் கொடுத்தேன். இரண்டையும் மாறி மாறித் தட்டினார், காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். பிறகு சுண்ணக்கட்டியை வாங்கி இரண்டாவது கல்லின் மேல் பெருக்கல் குறி ஒன்று போட்டுவிட்டு, மீதிக் கற்களை இறக்க லாரிக்குப் போனார்.